முத்திரை குத்துவது யார்?

செய்கூலி, சேதாரத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள்கூடத் தங்க வளையலின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் மூன்று குறிகள் தெரியும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரை, 22கே916 என்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட எச்.யு.ஐ.டி. எனும் தனி அடையாளக் குறியீடு.

2000இல் விருப்பத் திட்டமாகத் தொடங்கிய இந்த ஹால்மார்க் முத்திரை, 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் கட்டாயமானது.

முத்திரையைக் கடைக்காரர் குத்துவதில்லை. அதுதான் இதன் உயிர். அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் எக்ஸ்ரே கருவி நகையின் மேற்பரப்பைப் பார்க்கிறது. சில நகைகளில் மட்டும் துளி சுரண்டி, வெள்ளி சேர்த்து ஈயத்தகட்டில் சுற்றி உலையில் உருக்குகிறார்கள். பிறகு நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்து, எஞ்சிய தங்கத்தை எடை போடுகிறார்கள். மேல்பூச்சு வித்தையெல்லாம் உலையிடம் பலிக்காது.

நெருடல் வேறிடத்தில். மையத்துக்குக் கட்டணம் கட்டுபவர் அதே கடைக்காரர்தான். கண்டிப்பான மையத்தை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடிப்போக அவருக்குத் தடையில்லை. எனவே, கடைகளிலிருந்து அமைவனமே மாதிரி எடுத்துச் சோதிப்பது அதிகரிக்க வேண்டும். முடிவுகளையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

வாங்குபவரும் சோதிக்கலாம்: அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் எச்.யு.ஐ.டி. குறியீட்டைத் தட்டினால் நகையின் வகையும் தூய்மையும் வரும். கையில் இருப்பது சங்கிலி, செயலி சொல்வது மோதிரம் என்றால் அங்கேயே கேட்டுவிடலாம். தூய்மை குறைந்திருந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப்போல் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் இழப்பீடாகக் கோர விதி இடம் தருகிறது. அதற்கு ரசீது வேண்டும். ‘பில் வேண்டாமென்றால் வரி மிச்சம்’ என்ற பேச்சுக்குத் தலையாட்டியவரின் கையில் அது இருக்காது.