அலிஃபில் தொடங்குவோம்

 

சென்ற மாதம் எங்கள் கூரத்தில் ஒரு தாய் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் மகன் இரவெல்லாம் கண்விழித்து இயற்பியல் படித்தான். இப்போது தனக்கு மூளையே இல்லை என்று சொல்லிப் புத்தகங்களைக் கட்டிவைத்துவிட்டான். நீங்கள்தாம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்" என்று கண்கலங்கினார். தந்தை மறைந்தபின் கல்லூரியைப் பாதியில் விட்டு, கடையொன்றில் வேலை பார்க்கும் பிள்ளை அவன்.

நானோ கலைப் பட்டதாரி. ஆயினும் பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், "எந்த நூலில் தொடங்கினாய், தம்பி?" என்று கேட்டேன். குவாண்டம் இயங்கியல் பற்றிய தடித்த நூலொன்றை எடுத்துக் காட்டினான். குறை மூளையில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்பது விளங்கிற்று. அலிஃப், பா அறியாத பிள்ளையின் கையில் தஃப்ஸீரைக் கொடுத்துவிட்டு அவனை மந்தன் என்று சொல்லலாமா?

அவனுக்கு ஒரு வரலாறு சொன்னேன். 1928ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னை வந்தார். அவருடைய அணுவியல் நூலைத் தாமாகவே படித்திருந்த மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் அவரைச் சென்று கண்டார். அந்நூலில் உள்ளவை பழையனவாகிவிட்டன, புதிய குவாண்டம் கொள்கை வந்துவிட்டது என்றார் அறிஞர். வேறொருவராயின் சோர்ந்திருப்பார். இவரோ அறிஞர் தந்த புதிய கட்டுரையின் அச்சுப்படியை வைத்துப் படித்தார். மறு ஆண்டே இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இவருடைய கட்டுரை வெளிவந்தது. 1983இல் நோபல் பரிசும் பெற்றார்.

தனியே படிப்போருக்கும் வழிகாட்டி ஒருவர் வேண்டும் என்பதே இதன் படிப்பினை. ஆகவே அத்துறை அறிந்த பேராசிரியர் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். அவர் வகுத்த வரிசை இது: முதலில் மேல்நிலை வகுப்புக் கணக்குகளைப் பிழையறப் போடுதல்; அடுத்து நுண்கணிதம், வெக்டர், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள்; பின்னர் இயக்கவியல், மின்காந்தவியல்; அதன் பிறகே குவாண்டமும் சார்பியலும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். வாயிலாக இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் கேட்டால் மட்டும் போதாது. ஒவ்வோர் அத்தியாயத்தின் கணக்குகளையும் தன் கையால் போட்டுப் பார்க்கவேண்டும் என்றார்.

நான் ஒன்றைச் சேர்த்தேன். கணிதமேதை இராமானுஜன் ஏனைய பாடங்களைப் புறக்கணித்ததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். எனவே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகவேனும் பட்டத்தை முடித்துவிடு. ஆய்வு நிலையங்களின் வாயில் அதைக் கேட்கும் என்றேன்.

பெற்றோர்களே! பிள்ளை "எனக்கு வராது" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். எங்கிருந்து தொடங்கினான் என்று கேளுங்கள். அந்தத் தம்பி இப்போது பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை மீண்டும் எடுத்திருக்கிறான். ஆண்டுகள் பல ஆகலாம். ஆகட்டுமே! இன்ஷா அல்லாஹ், அடைவான்.