புகையை விடுங்கள், துடைக்க நேரம் கொடுங்கள்

கோவையில் அடுக்ககங்களுக்கும் அலுவலகங்களுக்கும் துப்புரவு ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறேன். 2020 கொரோனா ஊரடங்கில் என்னை அழைத்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது கிருமிநாசினிப் புகை ஒன்றைத்தான்: "புகை அடிப்பீங்களா மேடம்? சதுர அடிக்கு எவ்வளவு?" கைப்பிடியை எதை வைத்துத் துடைப்பீர்கள், மருந்தை எவ்வளவு கலப்பீர்கள் என்று கேட்டவர்கள் அபூர்வம். அடுத்த தொற்றிலும் முதலில் புகைக்குத்தான் பணம் ஒதுக்குவார்கள் என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

புகை கண்ணுக்குத் தெரியும். படம் எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். அந்த ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில், நடந்து போகிறவர்கள் மேல் மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் வைத்தார்கள். சில நாட்களிலேயே மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. மனிதர்கள் மேல் மருந்து தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமும் ஏப்ரல் 18 அன்று சொன்னது. கட்டடத்துக்குள் வழக்கமாகத் தெளிப்பதையும் புகை போடுவதையும் உலக சுகாதார நிறுவனம் மே மாதம் பரிந்துரைக்க மறுத்தது. அதன் பிறகும் எனக்கு வந்த கேள்வி மாறவில்லை.

மருந்து வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அழுக்கு போக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்த மாடிப்படிக் கைப்பிடியில் ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட்) தெளித்தால் அதன் வீரியம் அழுக்கோடே தீர்ந்துவிடும். சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, பிறகு 0.1 சதவீத ஹைப்போ கரைசலைத் தடவி, ஒரு நிமிடமாவது ஈரமாக விட வேண்டும். கடையில் வாங்கும் கேன் 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். வெந்நீர் கூடாது. வெயில் படக் கூடாது. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். விரல் அதிகம் படும் கைப்பிடியின் அடிப்பக்கத்தை மேலிருந்து அடிக்கும் தெளிப்பு தொடுவதே இல்லை. துணி பிடித்த கைதான் அங்கே போகும்.

என்னை மிகவும் பயமுறுத்துவது ஆசிட். கழிப்பறையில் மஞ்சள் கறை போக ஆசிட் ஊற்றுவது நம் வழக்கம். அதன் மேல் ஹைப்போவோ பிளீச்சிங் பவுடரோ விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். எங்களிடம் வேலை செய்யும் ஓர் அக்கா கண் எரிந்து, மூச்சு வாங்க மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கையில் கொடுத்த வாளியில் என்ன கலந்திருந்தது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கலந்தவர்களைக் கேட்டால் "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு கலந்தோம்" என்றார்கள். ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் போகிற மனுஷி அவர். இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

துப்புரவுத் தொழிலில் இருந்துகொண்டே ஒன்றைச் சொல்கிறேன். கொரோனா பரவியது பெரும்பாலும் காற்றில். கிருமி பட்ட மேற்பரப்பை ஒருமுறை தொட்டுத் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கணித்தது. ஏசி அறையை மூடி வைத்துவிட்டு மேசையைப் பத்து முறை துடைத்துப் பயனில்லை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாந்தி பேதி தரும் நோரோ வைரஸ் வந்தால் கதை வேறு. அப்போது துடைப்பதுதான் முக்கியம், கையில் தடவும் சானிடைசர் அதற்குப் போதாது. எந்த வைரஸ் என்று கேட்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே புகையை விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

துடைக்கும் முறை, கலவை அளவு எல்லாவற்றையும் ஆண்டு ஒப்பந்தம் போடும்போதே எழுதிவிடலாம். ஒரே ஆள் காலைக்குள் எட்டு மாடியையும் முடிக்க வேண்டும் என்று போட்டால் மருந்து ஒரு நிமிடம் ஈரமாக நிற்க நேரம் ஏது? தொற்றுக் காலத்துக்குக் கூடுதல் ஆள், கையுறை, அளவுக் குவளை, தமிழில் எழுதிய கலவைக் குறிப்பு எல்லாம் கேளுங்கள். அதற்கான தொகையையும் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு என்ற வரியும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், கூலி போய்விடும் என்று பயந்து காய்ச்சலோடு வருபவர் அன்றைக்கும் எல்லா மாடிகளுக்கும் ஏறி இறங்குவார்.