பேசாத வாயும் பெருகும் கண்ணீரும்

அசையும் சித்திரப் படம் என்றவுடன் அது சிறுபிள்ளைகளுக்குரியது என்று ஒதுக்கிவிடுதல் கற்றோரிடையே இன்றும் காணப்படும் வழக்கம். யப்பானியர் 'அனிமே' என வழங்கும் இத்துறையில் ஒதுக்கத்தக்கனவும் பல உள என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், எந்தக் கலையையும் அதன் பதரைக் கொண்டு அளத்தல் முறையன்று. மணியைக் கொண்டே அளத்தல் வேண்டும். ஆதலின், அத்துறையில் கதையமைப்பும் உரையாடலும் எழுதிப் புகழ்பெற்ற மாரி ஒகாடா என்னும் பெண்மணியின் நிறைகுறைகளை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

1976ஆம் ஆண்டு சைத்தாமா மாநிலத்தில், சிச்சிபு என்னும் மலைசூழ்ந்த ஊரிற் பிறந்தவர் இவர். பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியைப் பள்ளிக்குச் செல்லாது வீட்டினுள்ளேயே கழித்தவர். பள்ளிக்குப் போக இயலாதிருந்த தாம் தமது புகழ்பெற்ற படைப்புகளை எழுதும் நிலையை எவ்வாறு அடைந்தார் என்பதை 2017இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிற் கூறியுள்ளார். 'போக விரும்பாத' என்பதன்று, 'போக இயலாத' என்பதே அந்நூலின் தலைப்பிலுள்ள சொல். ஆசிரியராயுள்ளோர் இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைச் சிந்தித்தல் நன்று. வரவுப் பதிவேட்டில் நாம் இரண்டிற்கும் ஒரே குறியையே இடுகின்றோம்.

ஒகாடாவின் முதற் சிறப்பு இங்கேதான் பிறக்கிறது. பேச இயலாதவர் படும் பாட்டை அவர் உள்ளிருந்து அறிவார். 2011இல் பதினொரு பகுதிகளாக வெளிவந்த 'அனோஹனா' என்னும் தொடரை நோக்குக. அன்று கண்ட பூவின் பெயரை நாம் இன்னும் அறியோம் என்பது அதன் நெடுந்தலைப்பின் பொருள். அதன் நாயகன் ஜின்தா பள்ளியை விட்டொழிந்து, கோடை வெப்பத்தில் வீட்டிலிருந்து விளையாட்டுப் பொறியோடு பொழுது போக்குகிறான். முன்னாள் தோழி ஒருத்தி அவனுடைய விடுமுறைப் பாடவேலையைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். தந்தையோ அவனைக் கடிவதுமில்லை, வற்புறுத்துவதுமில்லை. இளமையில் இறந்துபோன மென்மா என்னும் தோழி அவன் கண்ணுக்கு மட்டும் தோன்றி, தன் விருப்பத்தை நிறைவேற்றுமாறு வேண்டுகிறாள். பிரிந்துபோன பழைய நண்பர் ஐவரும் மீண்டும் கூடுகின்றனர். ஆவிக்கதை என்று தோன்றும் இதன் உட்பொருள், ஒரு சிறுமியின் இறப்பின்பின் ஒருவரோடொருவர் பேசாது விட்டவை ஐந்து நெஞ்சங்களில் எவ்வாறு புண்ணாகி நின்றன என்பதே.

2015இல் வெளிவந்த, 'இதயம் கூவ விழைகிறது' என்று பொருள்படும் தலைப்புடைய திரைப்படம் இதனினும் நுண்ணியது. ஜூன் என்னும் சிறுமி, கோட்டை போன்ற ஒரு விடுதியிலிருந்து தன் தந்தை வேறொரு பெண்ணுடன் வெளிவருவதைக் கண்டு, அதன் பொருள் அறியாது, மகிழ்ச்சியோடு தாயிடம் சொல்லிவிடுகிறாள். குடும்பம் பிரிகிறது. எல்லாம் உன்னால் வந்தது என்று தந்தை அவள்மீதே பழியைச் சுமத்திப் போகிறான். அன்று முதல் அவள் வாய் திறக்க முயன்றால் வயிறு நோகும். பாடும்போது மட்டும் நோவதில்லை. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழியே வெளிப்பட்டுக் காண்பார்க்குத் தானே புலனாதலை மெய்ப்பாடு என்பர் நம் இலக்கணநூலார். தன் சொல்லே தன் குடியைக் கெடுத்தது என்று அஞ்சும் குழந்தைக்கு, அந்தச் சொல்லே வயிற்று நோவாக மாறுவதினும் பொருத்தமான மெய்ப்பாடு வேறு யாது?

தாயரைப் படைப்பதிலும் இவர் வல்லவர். 2011இல் வந்த 'ஹனசகு இரோஹா' தொடரில், மகளைப் பாட்டியின் விடுதிக்கு அனுப்பிவிட்டுத் தன் காதலனோடு ஊரைவிட்டு ஓடும் தாய் ஒருத்தி வருகிறாள். அவளைக் கொடியவள் என்று முத்திரையிட்டு ஒழிப்பது எளிது. ஒகாடா அவ்வாறு செய்யாது, அவளும் ஒரு கண்டிப்பான தாயின் மகளே என்பதைக் காட்டி, மூன்று தலைமுறையையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்துகிறார். தீர்ப்புக் கூறாமல் ஆளை அறியச் செய்யும் பண்பு இது.

இனிக் குறைகளைக் கூறுவேன். வாயடைத்தவரை இத்துணை உண்மையாக எழுதும் ஒகாடா, கதை முடியுங்கால் அந்த மௌனத்தை நம்புவதில்லை. 'அனோஹனா'வின் இறுதிப் பகுதியில், நண்பர்கள் ஒரே இடத்திற் கூடி, ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் உள்ளத்து அழுக்கையெல்லாம் அழுதழுது எடுத்துரைக்கின்றனர். பத்துப் பகுதிகளில் ஒரு பார்வையாலும் ஒரு திரும்புதலாலும் நாம் ஊகித்தறிந்தவற்றை, அவர்கள் வாயாலேயே மீண்டும் கேட்கிறோம். அடக்கி வைத்த உள்ளம் வெடிக்கும்போது ஒழுங்காகவா வெடிக்கும் என்று சிலர் வினவலாம். வாழ்க்கையில் அவ்வாறு வெடிப்பதுண்டு. ஆனால் வெவ்வேறு இயல்புடையோர் அனைவரும் ஒரே வேளையில், ஒரே குரலில், முறைவைத்து வெடிப்பராயின், அது உள்ளத்தின் வெள்ளமன்று; ஆசிரியர் திறந்துவிட்ட மதகு.

இகழப்படுதல், இழத்தல், நிலைகுலைந்து தளர்தல், வறுமையுறுதல் என அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் வகுத்தார் தொல்காப்பியர். களன் முன்னே அமைந்தாலன்றி அழுகை பிறவாது என்பது கருத்து. ஒகாடா களனை அமைக்கத் தெரியாதவர் அல்லர். நன்கு அமைத்தபின், அது போதாது என்று ஐயுறுகிறார். குறை அங்கேதான் உளது.

வேறு இரு குறைகளும் உண்டு. ஒருவனை ஒருத்தி விரும்ப, அவன் மற்றொருத்தியை விரும்ப, அவள் இன்னொருவனை விரும்பும் காதற் சங்கிலியை அவர் அளவிறந்து பின்னுவார். 2013இல் தொடங்கிய 'நகி நோ அசுகரா'வில், கடலடியில் வாழும் மக்கள் என்னும் அரிய கற்பனைகூட இப்பின்னலில் அடிக்கடி மறைந்துபோகிறது. அன்றியும், வீடும் வகுப்பறையும் அவர் கையில் உயிர்பெறும் அளவிற்கு அரசும் போரும் உயிர்பெறுவதில்லை.

இப்பிந்திய குறை, 2018இல் அவரே எழுதி முதன்முதலாக இயக்கிய 'மக்கியா' படத்திலும் உண்டு. அதில் வரும் அரசியல் விரைவில் வந்து விரைவில் மறைகிறது. எனினும், ஷங்காய்த் திரைப்பட விழாவில் சிறந்த அசைவுப்படத்துக்கான விருது பெற்ற அப்படமே, நான் கூறிய தலையாய குறைக்கு அவர் தாமே கண்ட மருந்து எனலாம். நூற்றாண்டுகள் வாழும், முதுமை தோன்றாத, நெசவுத்தொழில் புரியும் குலத்தைச் சேர்ந்த பெண் மக்கியா. போரில் தன் ஊரை இழந்து அலையும் அவள், இறந்துகிடக்கும் தாயொருத்தியின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, அக்கைப்பிடியிலிருந்த பச்சிளங் குழந்தையை எடுக்கிறாள். தாய் அழுதலாகாது என்று உறுதிபூண்டு அவனை வளர்க்கிறாள். மகன் ஏரியல் இளைஞனாகி, தந்தையாகி, கிழவனாகிப் படுக்கையிற் கிடக்கிறான். தாயோ அன்று போலவே இளம்பெண்ணாக அவனருகே இருக்கிறாள். அப்போதுதான் அவள் தன் உறுதியை மீறி அழுகிறாள். ஒரு மனித ஆயுள் முழுவதும் தேக்கிய கண்ணீர் அது. அதனைக் காண்பவர் எவரும் மிகை என்னார்.

படம் ஒருவர் ஆக்கமன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். எழுதிக் கொடுத்ததை இயக்குநர் காட்சிகளாகப் பிரித்து வரைகிறார். குரல்கொடுப்போர் தம் பங்கைச் சேர்க்கின்றனர். 'அனோஹனா'வை இயக்கியவர் தத்சுயுகி நகாய். அதன் இறுதிக் கூக்குரலில் எவ்வளவு எழுத்துக்குரியது, எவ்வளவு இயக்கத்துக்குரியது என்று அளந்து பிரித்தல் எளிதன்று. ஆயினும், தாமே எழுதித் தாமே இயக்கியபோது ஒகாடா கண்ணீரைத் தேக்கவே தலைப்பட்டார் என்பது கருதத்தக்கது.

மாரி என்பது தமிழில் மழையைக் குறிக்கும். யப்பானியப் பெயருக்கு அப்பொருள் இல்லையெனினும், பெயரொற்றுமை பொருந்தவே அமைந்தது. வறண்ட நிலத்தை நனைத்தது இவரெழுத்து. சிலவிடத்து விளைந்த கதிரையும் சாய்த்தது. எழுதப் பயிலும் மாணாக்கர் எவரேனும் இவர் படைப்புகளில் எதனை முதலிற் பார்ப்பது என்று கேட்பாராயின், 'மக்கியா'வைச் சொல்வேன். ஆசிரியர்களுக்கோ, ஜூனின் கதையையே சொல்வேன். வகுப்பின் கடைசி வாங்கில், வினாவியும் விடையிறாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளையை, பாடம் படியாதது என்று குறித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் செல்லுமுன், நாம் சற்று நிற்றற்கு அது உதவும்.