உரிமை முடிந்துவிட்டது, நெகட்டிவ் எங்கே?

2025 ஜனவரி பிறந்ததிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. ‘கர்ணன்’ டிஸ்க் போடலாமா? ‘புதிய பறவை’? ‘காதலிக்க நேரமில்லை’? பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவின் 60 ஆண்டுக் கணக்குப்படி, 1964இல் வெளியான படங்களின் உரிமை 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதே டிசம்பரில்தான் எல்.ஜி. தன் ப்ளூ-ரே பிளேயர்களை நிறுத்தும் செய்தி வந்தது. 2025 பிப்ரவரியோடு சோனி, பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை முடித்துக்கொண்டது. 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றுச் சந்தையைப் புரட்டிப்போட்ட மோசர் பேயர் 2018இலேயே கலைப்புக்குப் போய்விட்டது. சரக்கு சட்டப்படி கைக்கு வரும் நேரத்தில் கடைத்தெருவே காலியாகிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் கேள்வி நியாயமானது. இதழின் நிலையைச் சொல்லிவிடுகிறோம்.

படத்தின் உரிமை முடிந்தது, பாட்டின் உரிமை முடியவில்லை. 13(4)ஆம் பிரிவு படத்தையும் அதற்குள் இருக்கும் படைப்புகளையும் தனித்தனியாகவே பார்க்கிறது. கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவருடைய வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை கூட்டுப் படைப்பு என்பதால் கடைசியாக மறைந்தவரின் ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். விஸ்வநாதன் 2015இல் மறைந்தார், ஆக 2075. தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுத வைத்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே படத்தை இழந்த அதே தயாரிப்பாளர் வாரிசுகளிடம், விற்றிருந்தால் ஒழிய, பாட்டு இன்னும் இருக்கலாம். பாட்டை நீக்கிவிட்டுக் ‘கர்ணன்’ போட யாருக்கும் மனம் வராது. ஆகவே பாடலுக்கும் இசைக்கும் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் மாஸ்டரைப் பிரஸ்ஸுக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது அதே சட்டத்தின் 52ஏ பிரிவு. வீடியோ படத்தின் உறையில் தணிக்கைச் சான்றிதழின் நகலோடு, உரிமையாளரிடம் அனுமதி பெற்றேன் என்ற உறுதிமொழியும் அவருடைய பெயர், முகவரியும் இருக்க வேண்டும். மீறினால் 68ஏ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. உரிமையே முடிந்த படத்துக்கு யார் பெயரைப் போடுவது? கேசட் காலத்துத் திருட்டைத் தடுக்க எழுதிய விதி, இந்த நாள் வரும் என்று யோசிக்கவில்லை. பழைய உறைகளில் இருந்த பெயரையே மறுபடி அச்சிட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டாம், அது பொய் உறுதிமொழி. “26ஆம் பிரிவின்படி இப்படத்தின் உரிமைக்காலம் 31.12.2024இல் நிறைவுற்றது” என்று உறையிலேயே போடுங்கள், பாடல் அனுமதியின் விவரத்தை அதன் கீழே கொடுங்கள். விதியைத் திருத்தும் வரை நேர்மையாகச் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

இனி, கடிதம் எழுதியவர்களில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. எதிலிருந்து டிஸ்க் போடப்போகிறீர்கள்?

நம் கையில் பெரும்பாலும் இருப்பது தேய்ந்த பிரிண்டிலிருந்து சேட்டிலைட் விற்பனைக்காக எடுத்த டெலிசினி. அதிலிருந்து டிஜிபீட்டா, அதிலிருந்து மூன்று படத்தை ஒரே தட்டில் நெருக்கிய டிவிடி, அதிலிருந்து யூடியூப். மூலையில் லேபிள் முத்திரை, நடுவில் பாட்டு பாதியில் வெட்டு. தலையையும் காலையும் நறுக்கி ஸ்கோப் ஆக்கிய பிரதிகளும் உண்டு. இதை மறுபடி சுத்தம் செய்து ப்ளூ-ரே என்று விற்பதற்குப் படத்தின் உரிமை இப்போது குறுக்கே நிற்காது. நம் தொழிலின் மனசாட்சி நிற்க வேண்டும்.

கேமரா நெகட்டிவ் வேண்டும். அது இல்லையென்றால் இன்டர்பாசிட்டிவ், டூப் நெகட்டிவ், கூடவே சவுண்ட் நெகட்டிவ். உரிமைக்காலம் முடிந்தாலும் நெகட்டிவ் ஒரு பொருள். அது வைத்திருப்பவரின் சொத்து. காட்டமாட்டேன் என்று அவர் சொன்னால் எந்தப் பிரிவும் அவரைக் கட்டாயப்படுத்தாது. 2024 டிசம்பர் வரை ‘நெகட்டிவ் உரிமை’ என்ற பெயரில் ஒரு விலையாவது அதற்கு இருந்தது, அதனால் ஓர் அறை வாடகையாவது கட்டினார்கள். இனி எதற்குக் கட்டுவார்கள்?

தொடக்கத்தில் சொன்ன மூன்று படங்களும் ஈஸ்ட்மன் கலர். கறுப்பு வெள்ளையில் வெள்ளி நிற்கிறது. கலரில் சாயம் தானாகவே மங்குகிறது. அடிப்படலமோ அசிடேட். கடலோர ஈரப்பதத்தில் ஒரு கேன் புளிக்கத் தொடங்கினால் அந்த அமிலமே சிதைவை வேகப்படுத்தும், பக்கத்துக் கேனுக்கும் பரவும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தயாரிப்பாளரின் வீட்டு மொட்டைமாடி அறையில் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை வெயில். கதவைத் திறந்ததுமே காடி நெடி கண்ணைக் கரித்தது. ஒன்பது கேன்கள். நான்கின் மூடி துருப்பிடித்து ஒட்டிவிட்டதால் உளியால் திறந்தோம். உள்ளே சுருள் இல்லை, ஒரு கட்டி இருந்தது. மகன் சுவரோரமாக நின்றுகொண்டு சொன்னார்: “லேப்லதான் பத்திரமா இருக்குன்னு நெனச்சோம் சார். லேப் மூடுறப்போ ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டாங்க. இதை எங்க கொடுக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே.”

அவருக்குச் சொல்ல என்னிடமும் பதில் இல்லை. ஏனென்றால் கொடுக்க வேண்டிய இடம் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி ஒரு பதிப்பாளர் முப்பது நாளுக்குள் தன் செலவில் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். எட்டணா விலைக்கு அச்சடித்த பாட்டுப் புத்தகத்துக்கும் அது பொருந்தும். அந்தப் பாட்டு இடம்பெற்ற படத்தின் நெகட்டிவை ஒப்படைக்க அப்படியொரு சட்டம் இல்லை. ஒவ்வொரு படமும் தணிக்கை அலுவலகத்தின் வாசலை மிதித்துத்தான் வெளியே வந்தது. எத்தனை அடி வெட்டினோம் என்று எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் கேளிக்கை வரி எடுத்தார்கள். நெகட்டிவ் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. முதல் தமிழ் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) உரிமை முடிந்து பல காலம் ஆகிறது. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், வெளியிட ஒரு பிரதிதான் இல்லை.

தேசியத் திரைப்பட மரபுத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 2022இல் 363 கோடி ரூபாய், ஏறத்தாழ 2,200 படங்கள் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு பூனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) இணைத்தார்கள். பணம் ஒதுக்கியதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் மீட்டெடுக்கும் படங்களில் எத்தனை, ஒரு மாவட்ட நூலகம் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைக்கும் டிஸ்க்காக வரும்? விழாவில் ஒரு காட்சியோடு நின்றுபோனால் அதை மீட்பு என்று எப்படிச் சொல்வது? மக்கள் பணத்தில் ஸ்கேன் செய்த, உரிமைக்காலம் முடிந்த படத்தை மக்களுக்குத் தர என்ன தயக்கம்?

மாநில அரசிடமும் நமக்கு வழக்கு உண்டு. வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கும் நல்ல மரபு இங்கே இருக்கிறது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், மருதகாசி, உடுமலை நாராயண கவி என்று திரைப்பாடல் எழுதியவர்களின் எழுத்தும் அந்தப் பட்டியலில் உண்டு. அச்சில் இருக்கும் வரியைக் காப்பாற்றிய கை, அந்த வரி ஒலிக்கும் சவுண்ட் நெகட்டிவைத் தொடவில்லை. அதே முறையில் நெகட்டிவையும் பாடல் உரிமையையும் சேர்த்து வாங்கிக் குளிர்க்கிடங்கில் வைத்து, நல்ல ஸ்கேனை எல்லா டிஸ்க் நிறுவனங்களுக்கும் ஒரே கட்டணத்தில் கொடுத்தால் மேலே சொன்ன சட்டச் சிக்கலில் பெரும்பகுதி தானாகவே அவிழும். இதை இந்த இதழ் பலமுறை எழுதிவிட்டது. பதில் வந்ததில்லை.

2026 ஜனவரியில் 1965ஆம் ஆண்டுப் படங்களின் முறை. ‘திருவிளையாடல்’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘வெண்ணிற ஆடை’. இவற்றில் எதன் கேனையாவது நீங்கள் எங்காவது பார்த்திருந்தால், எத்தனை ரீல், எந்த நிலை, அமிலத்தைக் காட்டும் ஏ-டி பட்டை நீலத்தில் நின்றதா, பச்சையா, மஞ்சளா என்ற விவரத்தை எங்களுக்கு எழுதுங்கள். வைத்திருப்பவரின் பெயர் வேண்டாம், ஊர் போதும். விரைவில் கிடைத்தால், ஒரு பட்டியலாவது நம் கையில் இருக்கும்.