சோதனை எலி அல்லர், பங்கேற்பாளர்

மருந்து ஆய்வில் சேர விருப்பமா என்று மருத்துவர் வினவினால், "எங்களைச் சோதனை எலியாக்கவா?" என்னும் ஐயமே பல குடும்பங்களில் முதலில் எழுகிறது. ஐயம் இயல்பானதே. ஆயினும் அது கேள்வியாக மாற வேண்டுமேயன்றி, உடனடி மறுப்பாக முடிந்துவிடக் கூடாது.

1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், 200-க்கும் குறைவான நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறுபிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. போதிய உணவும் ஓய்வும் இல்லாத வீடுகளிலும் ஏறக்குறைய அதே அளவில் நோய் குணமாயிற்று. 1959-இல் வெளியான அம்முடிவே, காசநோயாளிகள் இன்று குடும்பத்தோடு இருந்தபடி மருந்துண்ண வழிவகுத்தது. அந்த ஏழை நோயாளிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதற்காக, எல்லா ஆய்விலும் சேர வேண்டும் என்பதன்று. புதிய மருந்து பயனளிக்காமலும் போகலாம். 2009 முதல் மருந்து ஆய்வுகள் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். அதில் நோயின் பெயரைக் கொண்டு எவரும் தேடலாம். பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் கேளுங்கள். வழக்கமான சிகிச்சைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது, எத்தனை முறை வரவேண்டும் என்றும் கேளுங்கள். ஆய்வினால் பாதிப்பு நேரின், இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019-ஆம் ஆண்டு விதிகள் வகைசெய்கின்றன. எந்நேரமும் விலகலாம்; அதனால் வழக்கமான சிகிச்சை தடைப்படலாகாது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பெற்று, வீட்டாருடன் படித்து முடிவெடுங்கள். அதற்கு அவகாசம் தராதவரிடம் கையொப்பமிட வேண்டா.