பத்து வருஷம் இருந்த பெண் எங்கே?

திருப்பதியில் கம்பெனி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே மேனேஜர்கள் கோல்ஃப் ஆடுவதில்லை, மலை ஏறுகிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை அலிபிரியில் வண்டியை நிறுத்திவிட்டு ஐந்தாறு பேராக 3,550 படி. நேரம் குறைவு என்றால் ஸ்ரீவாரி மெட்டு, 2,388 படி. காலிகோபுரம் வரை மூச்சு வாங்கும், பேச்சு எழாது. அதைத் தாண்டினால் பாதை சமமாகிவிடும். அங்கேதான் ஆபீஸ் ஆரம்பம். புது லைனுக்கு யார், ஸ்ரீசிட்டி யூனிட்டுக்கு யாரை மாற்றுவது, இந்த வருஷம் யாருக்கு உயர்வு, யாரைக் கொஞ்சம் ஆறப்போடலாம் எல்லாம் அந்த நடையில் முடிந்துவிடும். திங்கட்கிழமை மீட்டிங் வெறும் அறிவிப்பு.

நான் சில வருஷம் இங்கே ஒரு கம்பெனியின் பர்சனல் பிரிவில் இருந்தேன். எங்கள் மேஜைக்கு லட்டு தவறாமல் வரும், மெல்லிசாகக் கிள்ளி, காகிதத்தில் மடித்து. ‘கொண்டகு வஸ்தாவா?’, மலைக்கு வருகிறாயா என்ற கேள்வி மட்டும் வராது. அது போகும் வாட்ஸாப் குழுவில் பெண்களே கிடையாது. ஒருமுறை நானாகக் கேட்டேன். “உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம், வீட்ட பாக்க வேணாமா?” என்றார் எங்கள் மேலதிகாரி. நிஜமான பரிவோடுதான் சொன்னார். மாதத்தில் சில நாள் பெண் மலைக்குப் போகமாட்டாள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது, எதற்கு வம்பு என்பது அவர் சொல்லாமல் விட்ட பாதி. பாரில் உட்கார்ந்து முடிவெடுத்தால் புகார் செய்யலாம். கோவிந்தா சொல்லிக்கொண்டு ஏறுகிறவர்கள் மேல் என்ன புகார் கொடுப்பது?

இந்தப் பழக்கத்தைத் திட்டி இந்த வாரப் பத்தியை முடித்துவிடலாம். ஆனால் அந்தக் குழுவில் பெண் இல்லாததற்கு முதல் காரணம் குழு அல்ல. அந்தப் படிநிலையில் சேர்ப்பதற்கே எங்கள் கம்பெனியில் பெண் இல்லை. ஏன் இல்லை என்று பார்க்க மலையிலிருந்து இறங்கி, சத்தியவேடு பக்கம் போக வேண்டும்.

வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்கிற ஊர்கள் அவை. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். அங்கே ஸ்ரீசிட்டியில் இருக்கிற பாக்ஸ்கான் ஆலையில்தான் 2015 ஆகஸ்டில் ஷாவ்மியின் முதல் இந்தியத் தயாரிப்பு போன் வெளிவந்தது. ஷிப்டு மாறும் நேரத்தில் ரோட்டில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்களின் ஜன்னலோரம் முழுக்க இருபதை ஒட்டிய பெண்கள். ரேணிகுண்டாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளிலும் இதே காட்சி. மந்திரிகள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். இந்தப் பெண்கள் சம்பாதிக்கும் பணத்தில் எத்தனை வீட்டில் தம்பிகள் இன்ஜினியரிங் படித்தார்கள் என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது வேறு: அந்த ஜன்னலில் முப்பத்தைந்து வயது முகம் ஏன் இல்லை?

எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்ரீபெரும்புதூரில், இதற்கு ஒரு பதில் வெளியே வந்தது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட விசாரணைச் செய்தி, அங்குள்ள பாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்றது. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகளின் விளம்பரங்களிலேயே ‘திருமணமாகாத பெண்கள் மட்டும்’ என்று இருந்தது. கேட்டில் நிற்கும் காவலாளியே ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதாகப் பெண்கள் சொன்னார்கள். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் விட்டது. பாகுபாடு இல்லை என்று கம்பெனி மறுத்தது. 2022-ல் ஆளெடுப்பில் சில குறைகள் இருந்ததை மட்டும் ஒப்புக்கொண்டது. அந்த வருஷக் கடைசியில், விளம்பரத்தில் வயது, பால், மணநிலை எதையும் போடாதீர்கள் என்று ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டதாகவும் செய்தி வந்தது. போடக்கூடாது என்றார்கள், சரி. கேட்கக்கூடாது என்றும் சொன்னார்களா?

சொல்லப்பட்ட காரணங்கள் பழையவைதான். குடும்பப் பொறுப்பு, பிரசவம், லீவு. புதுசாக ஒன்று நகை: தாலியும் மெட்டியும் உலோகம், மின்னணு வேலைக்கு ஆகாது. உலோகம் ஆகாது என்பது சரியாகவே இருக்கட்டும். கழற்றச் சொல்வது ஒன்று, வேலையே இல்லை என்பது வேறு. கல்யாணமான ஆண் மோதிரத்தைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகிறானே.

பிரசவச் செலவு என்ற காரணத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் பர்சனல் பிரிவில் இதைக் கேட்காத நாள் இல்லை. 2017-ல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனபோது, ‘இனி பெண்ணை எடுத்தால் ஆறு மாதச் சம்பளம் தண்டம்’ என்றார்கள். லைனில் நிற்கும் பெண்ணுக்கு அது பொருந்தாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் அவள் இ.எஸ்.ஐ.யில் வருவாள், அந்த 26 வாரச் சம்பளத்தைத் தருவது இ.எஸ்.ஐ. கழகம், முதலாளி இல்லை. முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். அதைக் கல்யாணமாகாதவளுக்கும் கட்டுகிறார், ஆணுக்கும் கட்டுகிறார். முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டியது அந்த வரம்புக்கு மேலே சம்பளம் வாங்கும் பெண்ணுக்குத்தான். அப்படிப்பட்ட பெண்ணே அரிது என்பதுதானே நம் பேச்சு.

ஆகக் கணக்கு இப்படிப் போகிறது. பதினெட்டு, பத்தொன்பதில் உள்ளே வருகிறாள். இருபத்துமூன்று, இருபத்துநாலில் கல்யாணம், வெளியே போகிறாள். லைன் லீடராக, சூப்பர்வைசராக, பிறகு ஷிப்டு இன்சார்ஜாக ஆக வேண்டிய பத்து வருஷ அனுபவம் எந்தப் பெண்ணிடமும் சேரவிடுவதில்லை. அப்புறம் மேலே பெண் இல்லையே, தகுதியான ஆள் கிடைக்கவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். இதற்கு முன் இரவு ஷிப்டைச் சொன்னார்கள்: 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவில் வேலை வாங்கக் கூடாது என்றது, மூன்று ஷிப்டும் பார்க்காதவளை எப்படி சூப்பர்வைசராக்குவது? 2000-லேயே சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றுவிட்டது. சூப்பர்வைசர்கள் மாறவில்லை.

கல்யாணத்தைக் காட்டி வாசலை அடைக்கும் இந்த வித்தை தனியார் ஆலை கண்டுபிடித்ததும் இல்லை. வெளியுறவுப் பணியில் இருந்த பெண் கல்யாணம் செய்ய அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்தப் பணியில் இருந்த முத்தம்மா வழக்குப் போட்டு, 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யரின் கண்டனம் கிடைத்தது. ஏர் இந்தியாவில் முதல் கர்ப்பத்தோடு பணிப்பெண்ணின் வேலை போய்விடும். 1981-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அதே தீர்ப்பில், வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கல்யாணம் செய்யக்கூடாது என்ற விதியைச் சரி என்றது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது என்று. எல்.ஐ.சி. வேலைக்குப் போன பெண் தன் மாதவிலக்குத் தேதிகளை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டி வந்தது.

மேலே பெண் இல்லை என்பது உண்மையில் எங்கே வலிக்கும் என்பதை நான் பார்த்தது ஒரு குழு அமைக்கும்போது. 2013-ன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும், அதன் தலைவர் மூத்த பதவியில் இருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். எங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்தோம். முதல் பெண் பெயர் வெகு கீழே, அக்கவுண்ட்ஸில் இருந்தது. அந்த அக்காதான் தலைவர் ஆனார். புகார் வந்தால், தன் அப்ரைசலில் கையெழுத்துப் போடுகிறவரை அவர் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்! வேறு கிளையிலிருந்து மூத்த பெண்ணை அமர்த்தலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொன்னேன். “எதுக்கு மேடம் வெளி ஆள்?” என்றார்கள்.

இயக்குநர் குழுக்களில் நிலைமை வேறு மாதிரி. 2013-ன் கம்பெனிகள் சட்டம் பங்குச் சந்தைக் கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றதும், நாடு முழுக்கப் பல கம்பெனிகள் முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்காரவைத்தன. நம் பக்கத்துப் பெயர் சொல்ல வேண்டுமென்றால் சந்திரபாபு நாயுடு 1992-ல் தொடங்கிய ஹெரிடேஜ் ஃபுட்ஸ். அதை நடத்துவது அவர் மனைவி புவனேஸ்வரியும் மருமகள் பிராமணியும். அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டு வாசல் வழியாக மேலே போன பெண்ணை எனக்குத் தெரிகிறது. ஆலை வாசல் வழியாகப் போனவளைத்தான் தேடுகிறேன்.

தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பங்குச் சந்தையின் முதல் ஆயிரம் கம்பெனிகள் ஆண்டறிக்கையோடு செபிக்குத் தரும் பொறுப்பு அறிக்கையில், பேறுகால விடுப்பில் போனவர்களில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்று ஒரு கட்டம் உண்டு. பங்கு வைத்திருப்பவர்கள் டிவிடெண்டைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையும் புரட்டலாம். ஆனால் அதில் வருவது நிரந்தர ஊழியர் கணக்கு. சத்தியவேட்டிலும் வரதய்யபாளையத்திலும் வேன் வைத்து ஏஜென்ட் கூட்டிப்போகிற பெண்கள் அந்தக் கட்டத்துக்குள் வரமாட்டார்கள்.