தலைப்பிரசவத்துக்கு எத்தனை மாத்திரை?

அத்திபெலேயைத் தாண்டினால் கர்நாடகம் முடிந்துவிடும். அந்தப் பக்கம் ஜூஜூவாடி, பிறகு ஓசூர். பொம்மசந்திரா, ஜிகணி, ஓசூர் சிப்காட் என்று எல்லையின் இரு பக்கமும் தொழிற்சாலைகள். அவற்றுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் காதில் விழும். அந்த பஸ்ஸில் ஏறும் பெண்களில் ஒருத்தி முழுகாமல் இருந்தால், அவள் கைப்பையில் கர்ப்பிணியின் பரிசோதனைகளைப் பதியும் கர்நாடக அரசின் தாயி கார்டு இருக்கும். கூடவே இரண்டு வகை மாத்திரை அட்டைகள்: ஒன்று இரும்புச்சத்து, இன்னொன்று கால்சியம்.

2014-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, நான்காம் மாதத் தொடக்கத்திலிருந்து குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தினமும் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை இரண்டு சாப்பிட வேண்டும். மொத்தமாகக் கூட்டினால் 700 மாத்திரைக்கு மேல். அதைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். இரும்பு மாத்திரையை அதோடு சேர்க்கக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்; இல்லாவிட்டால் இரும்பை உடல் சரியாக ஏற்காது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மதிய மணி அடிக்கும்வரை எழ முடியாதவளுக்கு இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? காலையில் மசக்கையோடு ஓடிவந்து பஸ்ஸைப் பிடிக்கிறாள். மதியச் சாப்பாட்டோடு கால்சியம் ஒன்று போட்டால், இரும்பு மாத்திரைக்கான நேரம் லைனில் இருக்கும்போது வரும். இரவு வீடு திரும்பிச் சமைத்துச் சாப்பிட்டு இரண்டாவது கால்சியம். தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற இடத்தில் மாத்திரை விட்டுப்போவதில் வியப்பில்லை. அடுத்த பரிசோதனையில் கேட்டால், திட்டு வாங்காமலிருக்க, ‘எல்லாம் போட்டேன்’ என்பாள்.

உலக சுகாதார அமைப்பின் அளவு இதைவிட அதிகம். உணவில் கால்சியம் குறைவாக உள்ள நாடுகளில் கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம் என்று அது பரிந்துரைத்தது. அதாவது குறைந்தது மூன்று மாத்திரை.

இத்தனை மாத்திரையும் எதற்காக என்பதை ஆஷா ஊழியர்கூட முழுதாக விளக்குவதில்லை. ‘எலும்புக்கு நல்லது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உண்மையில் கால்சியத்தின் முதல் இலக்கு ரத்தக் கொதிப்பைத் தடுப்பது. கர்ப்பத்தின் 20-ஆம் வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதம் இறங்கினால் மருத்துவர்கள் அதை ‘ப்ரீ-எக்லாம்ப்சியா’ என்பார்கள். கால் வீங்கும், தலை இடிக்கும், கண் மங்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. முற்றினால் வலிப்பு வரும். குழந்தை வளர்ச்சி குன்றும், குறைமாதத்தில் எடுக்க நேரும். தலைப்பிரசவக்காரிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

கால்சியத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற யோசனை கிளம்பிய இடம் சுவையானது. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் மாயா இனப் பெண்கள் ஏழைகளாக இருந்தும் அவர்களிடையே கர்ப்பகால வலிப்பு குறைவாக இருப்பதை ஹோசே பெலிசான், ஹோசே வில்லார் என்ற இரு மருத்துவர்கள் கவனித்து 1980-இல் எழுதினார்கள். அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துத்தான் சமைப்பார்கள்; சுண்ணாம்பு என்றாலே கால்சியம். அத்திபெலே அடங்கிய ஆனேக்கல், ஓசூர் வட்டாரத்துக்காரர்களுக்குக் கால்சியம் நிறைந்த உணவு அந்நியமாகத் தோன்றாது. இது ராகி விளையும் பூமி. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. களி கிண்டிய வீடுகளில் இன்று சோறு வடிக்கிறார்கள். அந்தக் குறையை மாத்திரை நிரப்பவேண்டியிருக்கிறது.

எத்தனை மாத்திரை என்ற கேள்விக்குப் பதில் தேடியது பெங்களூருதான். செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதிபா துவாரகநாத், அனுரா குர்பாட் உள்ளிட்டோரும் தான்சானியா, அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, முதல் குழந்தையைச் சுமந்த பெண்களை இரண்டு நாடுகளிலும் சேர்த்துக்கொண்டார்கள். பெங்களூரில் 11,000 பேர், தான்சானியாவில் 11,000 பேர். பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம், மீதிப் பேருக்கு 500 மட்டும். யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. 2024 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வெளியானது. பெங்களூரில் குறைந்த அளவு எடுத்தவர்களில் 3.0 சதவீதத்தினருக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தது. அதிக அளவு எடுத்தவர்களில் 3.6 சதவீதத்தினருக்கு. தான்சானியாவிலும் இந்த நோயைப் பொறுத்தவரை ஒரு மாத்திரை மூன்றுக்குச் சளைக்கவில்லை. குறைப்பிரசவத்தில் மட்டும் இரு நாட்டு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை: பெங்களூரில் ஒரு மாத்திரையே போதுமானதாக இருந்தது, தான்சானியாவில் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பெங்களூருப் பெண்களின் உடலில் கிடைத்த இந்த விடை பெங்களூரைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருந்துச் சீட்டுக்கு வந்து சேர வேண்டும். பதினோராயிரம் பேர் தலைப்பிரசவத்தின் அச்சத்துக்கு நடுவிலும் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினார்கள். அதற்குப் பிறகும் அரசின் வழிகாட்டுதல் பழைய கணக்கிலேயே நிற்பது அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. ஒரு மாத்திரை என்றால் இரவுச் சாப்பாட்டோடு கால்சியம், பகலில் வசதிப்பட்ட நேரத்தில் இரும்பு என்று முடிந்துவிடும். அரசுக்கும் பாதிச் செலவு மிச்சம்.

கர்ப்பிணியின் வசதியைப் பார்த்து அரசு முறையை மாற்றாது என்பதற்கில்லை, முன்பே மாற்றியிருக்கிறது. கர்ப்பகால நீரிழிவுக்கு வெறும் வயிற்றில் வரச்சொல்லிச் சோதிப்பது பழைய முறை. இரண்டு பஸ் மாறி வருகிறவள் பட்டினியாக எப்படி வருவாள், ஒருமுறை திருப்பி அனுப்பினால் மறுமுறை வருவாளா என்று யோசித்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை; சர்க்கரை 140-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்றார். அதன் துல்லியத்தைப் பற்றி வல்லுநர்களிடையே வாதம் இன்னும் உண்டு. ஆனாலும் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்குமான முறையாக 2014-இல் ஏற்றுக்கொண்டது. அதே 2014-இல் எழுதிய கால்சியம் வழிகாட்டுதலைத் திரும்பப் பார்ப்பதில் என்ன தடை?

இதில் எச்சரிக்கை தேவைப்படும் இடங்களும் உண்டு. ஆய்வு ஒப்பிட்டது 500-ஐயும் 1,500-ஐயும்தான். மாத்திரையே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. சேர்ந்தவர்கள் எல்லோரும் தலைப்பிரசவக்காரிகள். ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உள்ளவர், முந்தைய பிரசவத்தில் சிக்கல் கண்டவர் தம் மருத்துவர் சொன்னதையே கேட்க வேண்டும். செய்தித்தாளைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். குறைக்க வேண்டியது அரசின் ஆணை.

மாத்திரை மட்டும் காப்பாற்றிவிடாது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அத்திபெலேயிலிருக்கும் தமிழ்ப் பெண் தாய்வீட்டுக்குக் கிளம்புவாள்: கிருஷ்ணகிரிக்கோ, தர்மபுரிக்கோ, திருவண்ணாமலைக்கோ. ப்ரீ-எக்லாம்ப்சியா பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்தக் கடைசி மாதங்களில்தான். அங்கே தமிழ்நாட்டின் கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி எண் கேட்பார்கள். அவளிடம் இருப்பது கன்னடத்தில் எழுதிய தாயி கார்டு. 130/86 என்று அளந்த செவிலியர் பரவாயில்லை என்று அனுப்பிவிடக்கூடும். நான்காம் மாதத்தில் அவளுக்கு 100/60 இருந்தது என்று தெரிந்தால் அதே செவிலியர் அடுத்த வாரமே வரச்சொல்வார். 2018–20 கணக்கெடுப்பில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு கர்நாடகத்தில் 69, தமிழ்நாட்டில் 54. இரண்டுமே அப்போதைய நாட்டுச் சராசரியான 97-ஐவிட நல்ல நிலை. இத்தனை தூரம் வந்த இரு மாநிலங்களும் ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தக் கணக்கை எல்லை தாண்டி அனுப்ப வழி செய்யாமலிருப்பதற்கு ஒரு சாக்கும் செல்லாது.

ஆனேக்கல் தாலுகாவிலும் ஓசூரிலும் இதைச் சேர்த்தே தொடங்கலாம். தலைப்பிரசவக்காரிக்கு ஒரு கால்சியம் மாத்திரை, ஒவ்வொரு பரிசோதனையின் ரத்த அழுத்தமும் இரு மாநிலத்துச் செவிலியரும் படிக்கும்படி ஒரே தாளில். குழந்தை பிறந்த பின் ஆறு மாதத்துக்கு எவ்வளவு கால்சியம் வேண்டும் என்பதைப் பெங்களூரு ஆய்வு பார்க்கவில்லை. பால் கொடுத்துக்கொண்டே வேலைக்குத் திரும்புகிறவர்களிடம் அந்தக் கேள்வியை அடுத்துக் கேட்க வேண்டும்.